செவ்வாய்க்கிழமை சவுனா

அந்தப் பிப்ரவரியில் ஹில்க்கா சவுனா என்கிற சனிக்கிழமை நீராவிக் குளியலுக்குப் போகவில்லை. முதல் சனி போகாதபோது, இடுப்பு ஆபரேஷன் ஆனவள், வலியாக இருக்கும் என்று ஊர் நினைத்தது. அடுத்த சனியும் போகவில்லை. தம்பி ஆர்வி அவள் வாசலில் நின்று, "அக்கா, சவுனா சூடாயிருச்சு, வா" என்று கூப்பிட்டதும், பதிலுக்கு உள்ளே ரேடியோ சத்தம் கூடியதும், ஏரிப் பனியில் துளை போட்டு மீனுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் வரைக்கும் கேட்டது. ஹௌகிலம்பி கிராமத்தில் ஒருத்தி சனிக்கிழமை சவுனாவுக்குப் போகவில்லை என்றால் ஒன்று செத்திருக்க வேண்டும், இல்லை யாரையாவது கொல்ல நினைத்திருக்க வேண்டும்.

ஹில்க்கா சாகவில்லை.

அவள் ஏமிலின் மூத்த பெண். ஏமில் என்றால் தேவாலயத்தில் மணி அடித்த ஏமில் இல்லை. அவனுடைய சித்தப்பா மகன், ஒரு காது கேட்காதவன். அவனுக்கும் லெம்பிக்கும் ஹில்க்கா, ஆர்வி என்று இரண்டே பிள்ளைகள். பெரிய வீடு ஆர்விக்கும் அவன் மனைவி ராய்லிக்கும் வந்தது. மேட்டின் மேலிருந்த சின்ன வீடும் அதன் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையும் ஹில்க்காவுக்கு. சவுனா மட்டும் ஏரிக்கரையில், இரண்டு வீட்டுக்கும் பொது. ஹில்க்கா, கல்யாணப் பேச்சு எடுத்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, ஓய்வு பெறும் வயது வரை பால் லாரி ஓட்டினாள்.

அந்தக் கொட்டகையில்தான் மோட்டார் சைக்கிள் நின்றது. அவளுக்கு முப்பது வயது இருக்கும்போது, மர அறுவை ஆலைக் கணக்குப்பிள்ளை ஒருவர், இனி இது தேறாது என்று உருளைக்கிழங்குச் சாக்கில் அள்ளிப் போட்டுக் கொடுத்த இங்கிலீஷ் வண்டி. இரட்டை சிலிண்டர், பச்சை டாங்க். பால் லாரி மெக்கானிக்குகளை நச்சரித்துக் கற்றுக்கொண்டு அவளே அதைக் கோத்தாள். கோடைக்கு ஓட்டுவாள், குளிர்காலம் முழுக்கப் பழுது பார்ப்பாள். அக்டோபரில் முதல் பனி விழுவதற்குள், இன்ஜின் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை வடித்துப் புதுசு ஊற்றுவாள். உள்ளே துரு ஏறாமல் இருக்க பெட்ரோல் டாங்கை விளிம்பு வரை நிரப்புவாள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு கரண்டி எண்ணெய் விடுவாள். சக்கரம் தரையில் படாமல் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்துவாள். அதற்குப் பிறகு ஏப்ரல் வரை ஒரு விஷயம் மட்டும் யாரும் செய்யக் கூடாது: ஸ்டார்ட் பண்ணக் கூடாது.

"கடுங்குளிர்ல அஞ்சு நிமிஷம் ஓட்டி நிறுத்தினா இன்ஜினுக்கு உள்ள வேர்த்துப் போகும். அந்தத் தண்ணி எண்ணெயில கலந்து, குழாய்க்குள்ள உறைஞ்சு அடைச்சுக்கும். அடுத்த தடவை உதைச்சா எண்ணெயே போகாது. பேரிங் செத்துரும்" என்று கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். ஆர்வி இதை எத்தனை குளிர்காலம் கேட்டிருப்பான் என்று அவனுக்கே கணக்கு இருக்காது.

நவம்பரில் குவோப்பியோ ஆஸ்பத்திரியில் அவளுக்கு வலது இடுப்பை மாற்றினார்கள். புண்ணில் சீழ் வைத்து, ஒரு வாரம் நினைவே இல்லாமல் கிடந்தாள். தேறி, நடக்கப் பழகி, இரண்டு கோல்களோடு ஊர் திரும்ப ஜனவரி கடைசி ஆகிவிட்டது. வந்ததும், ஆர்வியிடம் விட்டுப் போயிருந்த தன் பூனையைக் கூப்பிட்டாள். பூனை வரவில்லை.

"ஓடிப் போச்சுக்கா. டிசம்பர்லயே. தேடாத இடமில்ல" என்றான் ஆர்வி.

பிறகு கொட்டகைக்குப் போனாள். எண்ணெய் டாங்கின் மூடியைத் திறந்தாள். மூடியின் அடியில் வெள்ளையாக, கெட்டித் தயிர் மாதிரி ஒட்டியிருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்தால்தான் அப்படி ஆகும். சக்கரத்தைக் கையால் சுற்றி இன்ஜினை நகர்த்திப் பார்த்தாள். உள்ளே கறகறவென்று மணல் அரைத்தது. கோல் இரண்டும் கீழே விழ, டாங்கின் மேல் கையூன்றி நின்றாள்.

"ஆர்வி! டேய்!"

அவன் ஓடிவந்தான். முகத்தைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டான். "ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை கொஞ்ச நேரம் ஓட விட்டேன்க்கா. சும்மா கெடந்தா கெட்டுருமேன்னு…"

"யாரு சொன்னது கெட்டுரும்னு? நான் சொன்னேனா?"

"உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னுதான்…"

"உதவியா? வீட்டக் கொளுத்திப்புட்டு குளிர் காய வாங்கங்கற மாதிரி இருக்குடா உன் உதவி! போ. என் கண்ணு முன்னால நிக்காத."

அது வரைக்கும் அவளுக்கு வந்தது முட்டாள்தனத்தின் மேல் வருகிற கோபம். அந்த மாதிரிக் கோபம் காப்பி ஆறுவதற்குள் ஆறும். இன்ஜினைக் கழற்றிச் சமையலறை மேசைக்குக் கொண்டுவர ஆர்வியையேதான் கூப்பிட்டாள். அவனும் வாயைத் திறக்காமல் சுமந்து வந்தான். மறுநாள் ராய்லி மீன் வைத்துச் சுட்ட ரொட்டி கொடுத்தனுப்பினாள். ஹில்க்கா வாங்கித் தின்றாள்.

அந்த வாரமே ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலேவி வந்தான். நல்ல மனுஷன், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் தோய்த்தபடி, மேசைமேல் பிரிந்து கிடந்த இன்ஜினைத் துக்க வீட்டில் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"வருத்தமா இருக்கு ஹில்க்கா அக்கா. மொத ரெண்டு ஞாயிறும் என்னா சத்தம்! தங்கம் மாதிரி ஓடுச்சு. மூணாவது தடவ ஆர்வி உதைச்சுக் காட்டினப்பதான் கறக்குன்னுச்சு."

ஹில்க்கா துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "உனக்கு எதுக்குடா காட்டினான்?"

"வாங்கறவன் சத்தம் கேக்காம எப்படிக்கா வாங்குவான்?" என்றான் காலேவி. "ஒடஞ்சாலும் பரவாயில்ல, அப்படியே எடுத்துக்கறேன்னு சொல்லத்தான் வந்தேன். நீங்க இனிமே ஓட்டமாட்டீங்கன்னு அவன் சொன்னான்." அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "பூனையப் பத்திக் கவலைப்படாதீங்க. எங்க வீட்ல நல்லாத்தான் இருக்கு. எலி பிடிக்குது."

காலேவி இரண்டாவது கோப்பை குடிக்காமல் கிளம்பிப் போனது அன்றைக்குத்தான்.

அந்தச் சனிக்கிழமையிலிருந்துதான் ஹில்க்கா சவுனாவுக்குப் போகவில்லை.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. சவுனாவுக்குள் யாரும் சண்டை போடுவதில்லை. ஊர் முழுக்க அப்படித்தான். அவர்கள் அம்மா லெம்பி தன் வீட்டில் அதை இன்னும் கறாராக வைத்திருந்தாள். சனிக்கிழமை ஒரே பலகையில் உட்கார்ந்து வேர்த்து, அடுப்பில் காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி வாங்கிவிட்டால் அந்த வாரத்து வழக்கு முடிந்தது. திரும்பக் கிளறக் கூடாது. பிள்ளைகள் இரண்டும் அடித்துக்கொள்ளாமல் வளர அந்தச் சட்டம் உதவியது. ஆனால் வளர்ந்த பிறகு அதனால் பிழைத்தது ஆர்வி மட்டும்தான். ஏரிக்கரைப் பிர்ச் மரங்களை அக்காவைக் கேட்காமல் வெட்டி விற்றான், சனிக்கிழமை சவுனாவை மூட்டினான், முடிந்தது. அப்பாவின் படகை இரவல் கொடுத்துத் தொலைத்தான்; சனிக்கிழமை, முடிந்தது. ஆவி எழும்பும், ஹில்க்கா பல்லைக் கடிப்பாள், ஆர்வி "அப்பாடா" என்பான். இந்தத் தடவை அந்த "அப்பாடா"வை அவனுக்குக் கொடுப்பதில்லை என்று இருந்தாள்.

கோபம் இருந்ததால் வேலை ஓடியது. பிப்ரவரி முழுக்க, மார்ச்சில் பாதி, ஒவ்வொரு பாகமாகப் பெட்ரோலில் கழுவினாள். தேய்ந்ததை எறிந்தாள், ஆகக்கூடியதைத் தீட்டினாள். புது பேரிங்குகள் ஹெல்சிங்கியிலிருந்து தபாலில் வந்தன. அதற்கு மேல் வேலை நகரவில்லை. பேரிங் உட்காரும் அலுமினியக் கூடு, இன்ஜினின் இரண்டு பாதி ஓடு, நன்றாகச் சூடேறி விரிய வேண்டும். பேரிங் பனியில் கிடந்து சுருங்க வேண்டும். அப்போதுதான் அது தானாக உள்ளே போய் உட்காரும். சம்மட்டியால் தட்டி ஏற்றினால் கூடு வெடிக்கும். சமையலறை அடுப்புக்குள் கூடு நுழையாது. இதற்கு எப்போதும் அவள் பயன்படுத்தியது சவுனாவின் மேல் பலகையைத்தான். இப்போது அந்தப் பலகைக்கு ஏற இடுப்பு விடாது. சூட்டோடு கூட்டைத் தூக்கி இறக்க இன்னொரு ஆள் வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆர்வியின் வாசலுக்குப் போய்க் கோலால் கதவைத் தட்டினாள்.

"சவுனாவ மூட்டு. நல்லா எரிய விடு."

ஆர்வியின் முகம் மலர்ந்தது. "இதோக்கா! ராய்லி, துண்டு எடு, அக்கா வருது!"

"துண்டு வேணாம். தோல் கையுறை எடுத்துக்க. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. இது சவுனா இல்ல, பட்டறை."

கூட்டைக் கம்பளியில் சுற்றி, பனியில் தள்ளிப் போகும் சறுக்கு வண்டியின் இருக்கையில் வைத்து ஆர்வி தள்ளிக்கொண்டு போனான். பின்னால் ஹில்க்கா கோல் ஊன்றி வந்தாள். வாசலில் ஒரு வாளியில் பனியை அமுக்கி நிரப்பி, அதற்குள் பேரிங்குகளைப் புதைத்தாள். பிறகு பூட்ஸோடு, மேல்கோட்டோடு சவுனாவுக்குள் நுழைந்தாள். ஏமில் குடும்பத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. ஆர்வி அவள் பூட்ஸைப் பார்த்தான். தன்னுடையதைக் கழற்றவும் துணியவில்லை.

மேல் பலகையில் கூடு காய்ந்தது. கீழ்ப் பலகையில் இருவரும் உடுப்போடு வேர்த்தார்கள். ஹில்க்கா கூட்டின் மேல் எச்சில் தொட்டு வைத்தாள், சொய்யென்று தாவியது.

"எடு. ஆட்டாம பிடி."

பனியிலிருந்து பேரிங்கை எடுத்துக் குழியின் வாயில் வைத்தபடியே கேட்டாள்: "யாரக் கேட்டுடா விலை பேசினே?"

ஆர்வி சட்டென்று நிமிர, கூடு ஆடியது. பேரிங் சாய்ந்து பாதியில் சிக்கிக்கொண்டது.

"அக்கா, சவுனால போய்…"

"பட்டறைன்னு சொன்னேன்ல! வெய்யி மேல. மறுபடி சூடாகட்டும். அது வரைக்கும் நீ எங்கயும் போகப் போறதில்ல. சொல்லு."

அவன் கதவைப் பார்த்தான். கதவுக்கு முன்னால் அவளுடைய கோல் குறுக்கே இருந்தது.

"உன் நல்லதுக்குத்தான். இந்த இடுப்ப வச்சுக்கிட்டு ரோட்ல விழுந்து கெடந்தா யாரு தூக்கறது?"

"விழப் போறவ நான். தூக்கச் சொல்லி உன்னக் கேட்டேனா? பூனை எங்க விழுந்துச்சு? அத எதுக்குக் குடுத்தே?"

ஆர்வி தலையைக் குனிந்தான். வேர்வை மூக்கு நுனியில் நின்று சொட்டியது.

"ஓடிப் போச்சுன்னு மூஞ்சியப் பாத்துச் சொன்னியேடா! ஒரு வாரம் இந்தக் கோலோட வாசல்ல நின்னு பூனை பேரக் கூப்பிட்டேன். நீ ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டு இருந்தே!"

"நீ திரும்பி வரமாட்டேன்னு நெனச்சேன்!" ஆர்வியும் கத்திவிட்டான். சவுனாவுக்குள் அவன் குரலை உயர்த்தியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு. நெனவு இல்ல, சொல்ல முடியாதுன்னாங்க. நீ செத்துருவேன்னு நெனச்சேன். பூனை அழுதுக்கிட்டே திரிஞ்சுது, என்னால கேக்க முடியல. வண்டியப் பாக்கவும் முடியல. எல்லாம் கண்ணுல படாம போயிரட்டும்னு…"

ஹில்க்கா நெற்றி வேர்வையைக் கோட்டுக் கையால் துடைத்தாள்.

"நான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கறப்பவே வீட்டக் காலி பண்ண ஆரம்பிச்சுட்டே."

"ஆமா" என்றான்.

ஹில்க்கா எழுந்து நின்று, கூட்டின் மேல் மறுபடி எச்சில் தொட்டு வைத்தாள்.

"எடு."

இந்தத் தடவை ஆர்வியின் கை ஆடவில்லை. சாய்ந்திருந்த பேரிங்கைக் குறட்டால் உருவிப் போட்டுவிட்டு, பனியிலிருந்து இன்னொன்றை எடுத்து வாயில் வைத்தாள். டக். தானாக விழுந்து உட்கார்ந்தது. கூட்டின் அடுத்த பாதிக்கும் அப்படியே. டக்.

ஆர்வியின் கை பழக்கத்தில் தண்ணீர் அகப்பைக்குப் போயிற்று. கல்லில் ஊற்றினால் ஆவி எழும்பும், எல்லாம் முடியும். ஹில்க்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஊத்தாத. பேரிங்ல ஈரம் படும்." பிறகு சொன்னாள், "இது முடியல ஆர்வி. முடிஞ்சா நான் சொல்றேன்."

மே மாதம் ஏரிப் பனி உடைந்து போனது. இன்ஜின் கோத்து, எண்ணெய் ஊற்றி, வண்டி கொட்டகை வாசலில் நின்றது. வலது காலால் உதைத்து ஸ்டார்ட் செய்ய இடுப்பு இடம் கொடுக்கவில்லை. ஆனால் கொட்டகை மேட்டின் மேல் இருந்தது; பாதை ஆர்வியின் வாசலைக் கடந்து ஏரி ரோடு வரை இறக்கம். குளிர்காலம் முழுக்கப் பாதையில் தூவியிருந்த சரளையை யாரோ விடியற்காலையில் சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள். துடைப்பம் ஆர்வியின் வேலியில் சாய்ந்திருந்தது. ஹில்க்கா அதைப் பார்த்தாள். கோல் ஒன்றை வண்டியின் சட்டத்தில் கட்டிக்கொண்டாள். கிளட்சைப் பிடித்து வண்டியை உருள விட்டாள். ஆர்வியின் வாசலுக்கு நேராக வரும்போது கிளட்சை விட்டாள்.

வண்டி இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்ற ஆர்வி கையைத் தூக்கினான். அவள் இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தது, எடுக்கவில்லை.

ஏரியைச் சுற்றிக்கொண்டு நேராகக் காலேவி வீட்டுக்குப் போனாள். அவன் முற்றம் தட்டை. அணைத்தால் மறுபடி கிளப்ப இறக்கம் இல்லை. அதனால் இன்ஜினை அணைக்கவில்லை, இறங்கவும் இல்லை. அந்தப் பெரிய சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிக் கத்தினாள்.

"காலேவி! சத்தம் கேக்குதா? நல்லாக் கேட்டுக்க, இது விக்கறதுக்கு இல்ல! பூனையக் கொண்டாடா!"

காலேவி தொப்பிகூட இல்லாமல், பூனையை மீன் கூடையில் அமுக்கிக்கொண்டு ஓடிவந்தான்.