வரைவுப் பிழை

மாநகராட்சி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், வரைபடப் பிரிவில், முப்பத்து நான்கு வருடமாக ஒரே ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தாள் ஸ்கேலம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல் இருக்கும். பேச்சும் அதே மாதிரி, வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "டீ நல்லாருக்கா மேடம்?" என்று கேண்டீன்காரர் ஆசையாகக் கேட்டால், "இல்ல" என்பாள். அந்த மனிதரும் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என்ன நம்பிக்கையோ!

இப்படிப்பட்டவளுக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? யாரும் இல்லை. ஆனால் அதற்குக் காரணம் அவள் வாய் இல்லை. பத்தொன்பது வயதில், ஒரே வருடத்தில், அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். தம்பிக்கு அப்போது பதினோரு வயது. அவனைச் சாப்பிட வைத்து, படிக்க வைத்து, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கல்யாணம் செய்துவைத்து, ஒரு ஆளாக்கி நிமிர்ந்து பார்த்தாள். அவளைப் பெண் கேட்டு வந்திருக்கக்கூடியவர்கள் எல்லாம் அதற்குள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

தம்பி இப்போது ஒன்பதாம் வார்டு கவுன்சிலர். மூன்று தடவை தொடர்ந்து ஜெயித்தவன். கெட்டவன் இல்லை, கொஞ்சம் பந்தா உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, எந்த வேலை இருந்தாலும், தனியாக அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, டீ" என்பான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஊரில் உள்ள எல்லோரையும் திட்டுவான். அவள் பதிலுக்கு அவனைத் திட்டுவாள். வாரத்தில் அந்த வீட்டுச் சுவர்கள் இன்னொரு குரலைக் கேட்பது அந்த ஒரு மணி நேரம்தான். மற்ற ஆறு நாளும் குக்கர் சத்தமும் ரேடியோவும். ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அவள் திங்கட்கிழமை எழுந்திருந்தாள் என்று சொன்னால் அது மிகையில்லை. அவளிடம் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்பாள், அது வேறு விஷயம்.

அந்த வருடம் வார்டு எல்லைகளைத் திருத்தி வரைய உத்தரவு வந்தது. எல்லா வார்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு மக்கள் இருக்க வேண்டும், சேர்ந்து வாழ்கிறவர்களைப் பிரிக்கக் கூடாது, எல்லை என்றால் அது சாலை வழியாகவோ கால்வாய் வழியாகவோ போக வேண்டும், இவைதான் விதிகள். இதற்கென்றே வந்த எல்லை அதிகாரி, மனுக்களை வாங்கக் கீழ்த்தளத்துக் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வரைபடத்தை விரித்துக்கொண்டு ஸ்கேலம்மா.

மூன்றாவது நாள் ஒரு தையல்காரம்மா வந்தாள். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பிலிருந்து வருகிறாளாம்.

"ஐயா, உங்க கோடு என் வீட்டுக்குள்ள பூந்து போகுது. அடுப்பு ஒன்பதாம் வார்டு, கட்டில் பத்தாம் வார்டு. எங்க வீட்டுக்காரரு கொறட்டை விட்டா நான் எந்தக் கவுன்சிலர்கிட்ட போய்ச் சொல்றது?"

கூடமே சிரித்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஸ்கேலம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிங்க, சிரிங்க," என்றாள் தையல்காரம்மா. "சாக்கடை அடைச்சுக்கிட்டா ஒன்பது பத்தைக் கை காட்டும். பத்து பதினொண்ணைக் கை காட்டும். பதினொண்ணு போனையே எடுக்காது. மூணு பேருக்குமே நாங்க கொஞ்சம் கொஞ்சம் ஓட்டுதான். கொஞ்சத்துக்கு யாரு வருவா? எந்தப் புண்ணியவான் போட்டானோ இந்தக் கோட்டை, அவன் கை..." என்று ஆரம்பித்தவள், வாயை மூடிக்கொண்டாள். "வேணாம். அவனும் நல்லா இருக்கட்டும்."

மேசைக்கு அடியில் ஸ்கேலம்மா தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் புண்ணியவான் அவள்தான். இருபது வருடத்துக்கு முன் நடந்தது. அப்போதைய வரைபடத்தில் சூளையின் பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. தனியார் இடம் என்பதால் எந்த சர்வேயரும் உள்ளே போய் அளக்கவில்லை. காகிதத்தில் வெள்ளையாக இருந்தால் அங்கே ஆளே இல்லை என்றா அர்த்தம்? அலுவலகத்தைப் பொறுத்தவரை அதுதான் அர்த்தம். ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றும் அங்கே வந்து முட்டின. ஸ்கேலை வைத்தாள், இழுத்தாள், முடிந்தது வேலை. இரண்டே கோடு. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மறுநாள் அவளே சூளைப்பக்கம் போனாள். வீடு வீடாக ஏறி இறங்கி, நான்கு நாள் எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு வீடு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர். ஒரு வார்டில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம்! ஒன்றாக இருந்தால் யாரும் அவர்களைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டாள். "லாரி வந்து மூணு நாளாச்சும்மா, அரை டம்ளர் போதுமா?" என்று கேட்டார் வீட்டுக்கார ஐயா. அவள் தாகமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பத்து, பதினொன்று இரண்டுக்கும் சூளைப்பக்கத்துக்கும் நடுவே கால்வாய் ஓடியது, விதிப்படி அதை ஒன்பதில்தான் சேர்க்க முடியும். முழுவதையும் அப்படிச் சேர்த்தால், ஒன்பதிலிருந்து அதே அளவு ஆட்களைப் பத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பக்கூடியது கிழக்கே இருக்கும் ஐந்து தெருக்களைத்தான். தம்பியை மூன்று தடவையும் ஜெயிக்க வைத்தது அந்தத் தெருக்கள்தான். தம்பியின் வீடும் அங்கேதான். எல்லை போகக்கூடிய அகலமான சாலை அந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்று. அது அவள் குடியிருந்த தெரு. நடுத்தெருவில் கோடு விழும். அவள் வரிசை ஒன்பதில், எதிர்வரிசை பத்தில்.

பத்தாம் வார்டில் ஏற்கெனவே ஒரு கவுன்சிலர் ஆலமரம் மாதிரி உட்கார்ந்திருந்தார். தம்பி ஒன்பதில் நின்றால் சூளைப்பக்கம் அவனைச் சீண்டாது. இந்த மூன்று தடவையில் அவன் அங்கே ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை. பத்தில் நின்றால் ஆலமரத்தோடு மோத வேண்டும்.

ஸ்கேலம்மா அதிகாரியிடம் போனாள். "ஒன்பதாம் வார்டு என் தம்பியோடது. இதை வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்."

"வேற யாரும்மா இருக்கா? அந்தப் பசங்களுக்குக் கம்ப்யூட்டரைத் தட்டத்தான் தெரியும், தெரு தெரியாது. தம்பியா இருந்தா என்ன, உங்க ஸ்கேல் வளையாது. போடுங்க, நான் சரிபார்க்கறேன்."

பெரிய நம்பிக்கை! அந்த நம்பிக்கையைக் கொண்டுபோய் அவர் வேறு யார் தலையிலாவது கட்டியிருக்கலாம். அவள் மேசைக்கு வந்து மதியச் சாப்பாட்டைத் திறக்காமல் மூடினாள். பழைய எல்லையைக் கொஞ்சம் நெளித்துவிட்டால் கணக்கு எப்படியோ விதிக்குள் வந்துவிடும், யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டையும் வரைந்து பார்த்தாள். பிறகு ஒன்றைக் கிழித்தாள்.

வரைவு வெளியே ஒட்டப்பட்ட அந்த வார ஞாயிற்றுக்கிழமை, தம்பி பத்து மணிக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போது டீ கேட்கவில்லை. அவளாகவே போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"பாத்தேன்க்கா," என்றான். "நீ என்ன பண்ணுவ, பாவம். அந்த ஆபீசர் எவன்கிட்டயோ விலை போயிட்டான். அவன் சொன்னதை நீ போட்டிருக்க."

அவள் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு வழி இருக்கு. நீதானே ஒரு தடவை சொன்ன? கடைசி அறிவிப்பு வர்ற வரைக்கும், வரைஞ்சவங்க ஓரத்துல 'வரைவுப் பிழை'ன்னு எழுதி சின்னக் கையெழுத்துப் போட்டா, தாள் மேசைக்குத் திரும்பி வந்துரும், ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான்னு. ரெண்டே வார்த்தைக்கா. பழைய மாதிரியே போட்டுக் குடுத்துடு."

எவ்வளவு சுலபமாக வழிவிட்டான் பாருங்கள்! அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும். பழி அதிகாரி தலையில் விழும், ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மிஞ்சும். இவனை இழந்துவிட்டு இந்த வீட்டில் யாரோடு பேசுவோம் என்று பயமாக இருந்தது, நிஜமாகவே பயமாக இருந்தது.

"அவர் சொல்லலடா," என்றாள். "நான்தான் போட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான்."

"அஞ்சு தெருவும் போயிடும்னு தெரிஞ்சே?"

"எண்ணிப் பாத்துத்தான்டா போட்டேன்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டியேக்கா."

வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

"பிழை நான் முன்னாடி போட்டதுடா. அதைத்தான் இப்ப திருத்தியிருக்கேன். அங்க ரெண்டாயிரம் பேரு இருக்காங்க. நீ ஒருநாளாவது போய்ப் பாத்திருக்கியா?"

"அவங்க உனக்கு யாரு? நான் யாரு?"

"நீ என் புள்ளடா," என்றாள்.

அவன் எழுந்தான். "டீ ஆறிடும்டா" என்றாள். "ஆறட்டும்" என்றான். கோபத்தில் கேட்டை அடித்துச் சாத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அதை மெதுவாக, சத்தமில்லாமல், அந்நியர் வீட்டுக் கேட்டைச் சாத்துகிற மாதிரி சாத்திவிட்டுப் போனான். அடித்துச் சாத்தியிருந்தால் அடுத்த வாரம் வருவான் என்று இருந்திருப்பாள்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அவள் போன் செய்தால் அவன் மனைவி எடுத்து, "குளிக்கிறாருங்கக்கா" என்றாள். ஒரு மனிதன் நாளைக்கு நான்கு தடவை குளிப்பானா? ஸ்கேலம்மா போன் செய்வதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அலமாரியைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். ஒருநாள் காலை டீ போடும்போது, "சர்க்கரை போட்டாச்சா?" என்று தன்னையே சத்தமாகக் கேட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் தானே திடுக்கிட்டாள்.

இறுதி அறிவிப்பு வந்தது. தேர்தல் வந்தது. ஒன்பதாம் வார்டில் தையல்காரம்மாவே நின்றாள். சூளைப்பக்கத்து ஆட்களோடு ஸ்கேலம்மா வீட்டுக்கும் ஓட்டுக் கேட்டு வந்து, வாசலில் அவளைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

"நீங்க ஆபீஸ்ல அந்தப் பெரியவர் பக்கத்துல இருந்தவங்கதானே? எல்லாரும் சிரிச்சாங்க, நீங்க மட்டும் உம்முனு இருந்தீங்க. நான்கூட, இந்தம்மாவுக்கு எங்களைப் பிடிக்கல போலன்னு நெனச்சேன்."

"அப்படியெல்லாம் இல்ல."

"அந்தப் பெரியவர் நல்லா இருக்கணும்மா. எங்களை ஒண்ணு சேத்து வெச்சாரு." தையல்காரம்மா அவளைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "தனியாவா இருக்கீங்க? கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?"

"தம்பி இருக்கான்."

"எங்க?"

"பக்கத்துலதான்," என்றாள் ஸ்கேலம்மா. நோட்டீஸை வாங்கி நான்காக மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில், தெருவில் தம்பியின் குரல் கேட்டது. அவன் பத்தாம் வார்டில் நின்றான். அவள் அவசரமாகத் தலையை வாரிக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். எதிர்வரிசையில் முதல் வீட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வாசலாகக் கும்பிட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தான். இளைத்திருந்தான். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. சொல்ல வேண்டும் போல இருந்தது அவளுக்கு. அவளுக்கு நேர் எதிர் வீட்டுக்கு வந்தான். அந்த வீட்டு அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். திரும்பினான். இருபதடி தூரம்தான். அவளைப் பார்த்தான்.

கூட வந்திருந்த பெண்களில் ஒருத்தி, கேட்டருகே நின்றவளைப் பார்த்துவிட்டு, நோட்டீஸை எடுத்துக்கொண்டு சாலையைக் கடக்கப் போனாள்.

"அங்க வேணாம்மா," என்றான் தம்பி. "அந்தப் பக்கம் நம்ம வார்டு இல்ல."

அந்தப் பெண் திரும்பிக்கொண்டாள். அவன் அடுத்த வாசலுக்குப் போனான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று அவளுக்குத் தெரியும். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.