கானாவாழை கிள்ளிய ஞாயிறு

தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு குழாய் வருஷக்கணக்காக ஒழுகிக்கொண்டிருக்கிறது. புகார் கொடுத்து அலுத்துப்போனவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அந்த மழைக்காலத்தில் குழாயடிச் சேற்றில் கானாவாழைக் கீரை கொழுகொழுவென்று படர்ந்திருந்ததைப் பார்த்ததும் புகாரெல்லாம் மறந்துபோயிற்று. ஊரில் எங்கள் வயல் வரப்பில் கிள்ளி வந்து பருப்போடு கடைவோம். தில்லிக்காரர்களுக்கு இதன் அருமை எங்கே தெரியப்போகிறது என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட.

ஞாயிற்றுக்கிழமை நான் பறிக்கப் போனபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது. அதன் நீலப்பூ காலையில் விரிந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். பூவைப் பார்க்காமல் இலையை மட்டும் நம்பி ஒரு பை நிறையக் கிள்ளினேன். கீரை என்றாலே துப்புகிற என் நான்கு வயது மகள், அன்று பார்த்து இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்ட கையோடு தூங்கியும் போனாள்.

வெளியே போயிருந்த கணவர் வந்ததும் மிச்சத் தண்டுகளைப் பார்த்து என்ன கீரை என்றார். சொன்னேன். சும்மா இருக்காமல் செல்போனில் படம் எடுத்துத் தேடினார். அது வேறொரு நீலப்பூச் செடியின் பெயரைக் காட்டியது. கீழே விஷச்செடி என்று போட்டிருந்தது.

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகக் கேட்டதும் எழுந்து உள்ளே போனேன். குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. எழுப்பியதும் வயிறு வலிக்கிறது என்று சிணுங்கினாள். என்ன கொடுத்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்களே. அவர் ஆட்டோ பிடிப்பதற்குள் நான் குழாயடிக்கு ஓடினேன்.

ஒரு பூகூட விரிந்திருக்கவில்லை. அந்த விஷச்செடிக்கு ஐந்து இதழ் என்று போனில் படித்திருந்தேன். கானாவாழையில் படகு மாதிரி மடிந்த ஓர் உறைக்குள் மொட்டு இருக்கும். உறையைப் பிதுக்கினேன், கொழகொழவென்று நீர் வந்தது. அவசரத்தில் முதல் மொட்டு நசுங்கிவிட்டது. இரண்டாவதை நகத்தால் பிரித்து எண்ணினேன். பெரிய நீல இதழ் இரண்டு, வெளிறிப்போய்ச் சின்னதாக ஒன்று. மூன்றுதான். கானாவாழையேதான். அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

தோட்டக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். "பெஹன்ஜி, இஸே மத் தோடியே" என்றார். நேற்றுத்தான் களைக்கொல்லி அடித்தாராம், பறிக்க வேண்டாமாம்.

எங்கள் வரப்பில் எங்களைக் கேட்காமல் யாரும் மருந்தடிக்க மாட்டார்கள். அதே நினைப்பில் இங்கேயும் கிள்ளி, பெற்ற பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறேன். தோட்டக்காரரிடம் மருந்து டப்பாவைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டப்பாவைப் படித்துப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வரை அவளைப் படுக்கவைத்துக் கவனித்தார். பிறகு பயமில்லை, கூட்டிப்போகலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பசிக்கிறது என்றாள். தயிர்சாதம் பிசைந்து உருட்டி நீட்டினேன். கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், டிவியைப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள். அந்த உருண்டையை நானே தின்றுவிட்டு எனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்தேன். அவள் வாயைத் திறந்தபடியே காத்திருந்தாள்.