தொண்ணூறு மீட்டர் பிசகு

மாரமங்கலம் பக்கம் ஒரு ஊற்றுத் தண்ணீரை மோட்டார் இல்லாமலே மேட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோகும் திட்டம். சோதித்துப் பார்க்க நேரமில்லை; பந்தல் போடத்தான் நேரம் இருந்தது. மேட்டிலேயே நடந்த திறப்பு விழாவில் குழாயைத் திருகினோம். காற்று வந்தது. மலைக்காற்று உடம்புக்கு நல்லதுதான், குடத்தில் பிடிக்க முடியாது.

உயரம் அளந்தவன் நான். பதினெட்டு வருட அனுபவம் உள்ள சர்வேயர். ஊற்றின் உயரம் உயரம் பொறித்த பழைய பெஞ்ச்மார்க் கல்லிலிருந்து எடுத்தது. அது கடல்மட்டக் கணக்கு. தொட்டி மேட்டுக்கு நான் டிஜிபிஎஸ் கருவி வைத்து, சேட்டிலைட் கொடுத்த எண்ணை அப்படியே எழுதினேன். சேட்டிலைட்டுக்குக் கடல்மட்டம் தெரியாது. பூமியை வழுவழுப்பான உருண்டையாக வைத்துக்கொண்டு அது உயரம் சொல்லும். நம் பக்கம் அந்த எண் சுமார் தொண்ணூறு மீட்டர் குறைவாக வரும்; திருத்தித்தான் எழுத வேண்டும். நான் மில்லிமீட்டரில் கவனமாக இருந்து தொண்ணூறு மீட்டரை விட்டுவிட்டேன். காகிதத்தில் மேடு பள்ளமாகிவிட்டது.

அளந்த அன்றே, மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் ஸ்டெல்லாக்கா கேட்டார்: "ஏனுங்க சார், ஊத்துலருந்து இந்த மேடு ஏறித்தான் நாங்க ஊருக்குள்ள எறங்கறோம். எங்களுக்கே நொம்ப மூச்சு வாங்குது. தண்ணி எப்படிங்க ஏறும்?"

"இது சேட்டிலைட்டுங்க" என்றேன். இருபதாயிரம் கிலோமீட்டர் தள்ளிச் சுற்றுவதை நம்பினேன். எதிரே குடத்தோடு நின்றவரை நம்பவில்லை.

பந்தலில் எங்கள் என்ஜினியர் என் காதருகே குனிந்தார். "சேட்டிலைட் கோளாறுன்னு ரிப்போர்ட் எழுதிடுய்யா. அது வந்து மறுத்துப் பேசவா போகுது?"

அருமையான யோசனை. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அப்போது ஸ்டெல்லாக்கா காலிக் குடத்தோடு ஊற்றுப் பாதையில் இறங்கத் தொடங்கினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மாலைக்குள் மெமோ வந்தது. எங்கள் ஆபீசில் அத்தனை வேகமாக நகர்ந்த காகிதம் வேறில்லை.

பிறகு ஆட்டோ லெவல் என்னும் பழைய மட்டக் கருவியைத் தூக்கிக்கொண்டு நான்கு நாள் நடந்தோம். அளவுகோலை ஸ்டெல்லாக்காவே பிடித்தார். மேடு, ஊற்றைவிட நாற்பது மீட்டர் உயரம்.

"நாலு நாளு அளந்து, நாஞ் சொன்னதத்தானுங்களே கண்டுபுடிச்சிருக்கீங்க" என்றார்.

ஊற்றுக்குக் கீழே, ஊருக்கு மேலே தொட்டி வைக்க வாகாக இருந்த ஒரே இடம் அவருடைய தோட்டத்து மூலை. நான் கேட்கும் முன்பே அவரே கொடுத்தார். மேட்டைச் சுற்றிக் குழாய் போட்டோம். இந்த முறை பந்தல் இல்லை, தண்ணீர் வந்தது.

அன்றிலிருந்து எந்த உயரத்தை எழுதினாலும், எதிலிருந்து அளந்தது என்பதைப் பக்கத்திலேயே எழுதுகிறேன். புதிதாக வருபவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

தண்ணீர் வந்த அன்று நான் கிளம்பும்போது ஸ்டெல்லாக்கா, நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்தபடி சொன்னார்: "புதுசா சேட்டிலைட்டு ஏதாச்சும் உட்டாங்கன்னா, மறுக்கா வந்து அளந்துபோடாதீங்க சார்."