மண்டகப்படி இல்லாதவனுக்கு டைரக்டர் பதவி இல்லை

இன்று காலை மெட்ராஸ் பஸ்ஸில் எங்கள் பட்டுக் கம்பெனியின் சேர்மன் பக்கத்தில் இடம் கிடைத்தது. போர்டில் ஒரு டைரக்டர் நாற்காலி காலியாக இருப்பதால் துணிந்து கேட்டேன்.

"இருபது வருஷமா கம்பெனிச் சேலைங்களை வித்துக்கினு இருக்கிறேன். அந்த இடத்தை எனக்குக் குடுங்களேன்."

"உன் சாமர்த்தியம் ஊருக்கே தெரியும்பா. பெருமாள் உற்சவத்துல உங்க வீட்டுச் செலவுல நடக்கிற மண்டகப்படி எந்த நாளு?"

"கூலிக்குத் தறியில உட்கார்ந்து மேல வந்தவனுக்கு ஏதுங்க மண்டகப்படி?"

"போர்டுல எல்லாரும் மண்டகப்படிக்காரங்க. உன்னை எங்கபா உட்கார வைப்பேன்?"

"நானும் ஒரு நாள் எடுத்துச் செய்யறேனே!"

"பத்து நாளும் பரம்பரையாப் போவுது. எவனாச்சும் வாரிசு இல்லாம போனாத்தான் உண்டு."

மாலை ஊர் திரும்பியதும் வெட்கத்தை விட்டு விசாரித்தேன். பத்து வீட்டிலும் பேரன்கள் இருக்கிறார்களாம்.

கடை, பேர், பழக்கம் எல்லாம் சம்பாதித்துவிட்டேன். தாத்தாவை எங்கே வாங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.