சதுப்பை மூடியவர்களில் நானும் ஒருவன்

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் இதை எழுதுகிறாள்.

இன்று காலை வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு சிறுமி, முன் இருக்கையில் அவளுடைய தாய். சிறுமியின் மடியில் படப் புத்தகம். அதில் புல்லுக்குள் பதுங்கி மீன் பிடிக்கும் ஒரு புள்ளிப் பூனை.

"என்ன எழுதியிருக்கு, மகள்?"

விரல் வைத்து வாசித்தாள். கொழும்பின் சதுப்பு நிலங்களில் வாழும் பூனையாம். மனிதர்கள் மண் போட்டு மூடியதால் இடமில்லாமல் போனதாம். இப்போது சில இடங்களைத் திரும்பவும் சதுப்பாக்குகிறார்களாம்.

"ஆர் தாத்தா மூடினது? கூடாத ஆக்கள்."

பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"நானும்தான், மகள். லொறியில மண் கொண்டுவந்து கொட்டினனாங்கள். தண்ணி நிண்டா வீண் நிலம் எண்டு நினைச்சம்."

அவள் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெஹிவளை தாண்டும் வரை என்னைப் பார்க்கவில்லை.

பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

"எங்கெங்க கொட்டினீங்கள் எண்டு ஞாபகம் இருக்கா?"

"ஒவ்வொரு இடமும் இருக்கு."

"சொல்லுங்கோ, எழுதுறன். பூனைக்குத் திருப்பிக் குடுக்கோணும்."

இரத்மலானையில் அவர்கள் இறங்கும் வரை சொன்னேன். புத்தகத்தின் ஓரமெல்லாம் நிறைந்துவிட்டது.

நாங்கள் மண் கொட்டிய இடங்களில் வீடு கட்டியிருக்கும் நண்பர்களே, உங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையும் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டால் சொல்கிறேன். பூனை எப்போது குடிவரும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.