ஏழாவது இடத்துப் படம்

அவருக்கு ஊரில் பாஸ்போர்ட் என்றுதான் பெயர். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த சின்ன ஸ்டூடியோவில் இருபத்திரண்டு வருடங்களாக அவர் எடுத்ததெல்லாம் விண்ணப்பங்களில் ஒட்டும் முகங்கள்தான். தங்கையின் கணவர் வனக்காவலர். "மச்சான், ஒருநாள் காட்டுக்கு வாங்க. அங்க மரமெல்லாம் நீங்க சொல்லாமலே ஆடாம நிக்கும்" என்று கேலி செய்வார். "கடையை யாரு பாக்கிறது மாப்பிள்ளை?" என்று இவர் தட்டிக்கழிப்பார்.

அந்தக் கோடையில் காடு பற்றிக்கொண்டது. தீயணைக்கப் போன மாப்பிள்ளை, காற்று திசைமாறியபோது ஓடைக்கரையில் சிக்கிக்கொண்டார். உடல்தான் திரும்பி வந்தது.

காடு மீண்டு வருகிறதா என்று பார்க்க, வனத்துறை இருபது இடங்களில் எண் எழுதிய கம்பிகளை நட்டது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு கம்பியருகிலும் நின்று படமெடுக்க ஆள் தேடினார்கள். இவர் போய் நின்றார்.

ஏழாவது கம்பி மாப்பிள்ளை சிக்கிக்கொண்ட அந்த ஓடைக்கரையில் இருந்தது. கரிக்கட்டையாக நின்ற மரங்கள், கணுக்கால்வரை சாம்பல். கேமராவைக் கண்ணில் வைத்தவர் கீழே இறக்கிவிட்டார். எடுக்காமலே எட்டாவதுக்குப் போனார். அடுத்த மாதமும் அப்படித்தான்.

"ஏழாவது எங்கங்க?" என்றார் படங்களை வாங்கிப் பார்த்த வனத்துறை ரேஞ்சர்.

"சரியா விழலை சார்."

விஷயம் எப்படியோ தங்கையின் காதுக்கு எட்டியது. "என்னையும் கூட்டிட்டுப் போண்ணா. நீ எடுக்கலைன்னா நான் எடுக்கிறேன்."

மூன்றாம் முறை இருவருமாகப் போனார்கள். அதற்குள் இரண்டு மழை பெய்திருந்தது. ஓடைக்கரையில் சாம்பலைக் கீறிக்கொண்டு புல் முளைத்திருந்தது. அவள் நெடுநேரம் அதையே பார்த்தாள்.

"அதுக்குள்ள பச்சை வந்துடுச்சா? நாலு மாசம்தானேண்ணா ஆச்சு. இதுக்கு அப்படி என்ன அவசரம்?"

குனிந்து ஒரு கைப்பிடிப் புல்லைப் பிடுங்கினாள். பிறகு இன்னொரு கைப்பிடி. அவர் தடுக்கவில்லை. விரலெல்லாம் கரியாகி, மூச்சு வாங்க அவள் உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை கூப்பிட்டப்போ ஒருநாளாவது நான்..." என்று தொடங்கியவர் முடிக்க முடியாமல் அழுதார்.

"போதும், எழுந்திரு. வேலையை முடி" என்று அவள்தான் தோளைத் தட்டினாள்.

அன்று ஏழாவது படம் எடுத்தார். அதில் ஒரு மூலையில் புல் பிடுங்கிய இடம் சொட்டையாகத் தெரியும். "மான் மேய்ஞ்சிருக்கு போல" என்று ரேஞ்சர் குறித்துக்கொண்டார். இவர் திருத்தவில்லை.

தங்கை அதன்பின் வரவில்லை. "நீ எடு. என்கிட்ட மட்டும் காட்டாதே" என்றாள். மூன்று வருடம் எடுத்தார். ஒன்றைக்கூடக் காட்டவில்லை.