“பட்டியில ஏதாவது இருக்கா, மதாம்?”

இன்று செப்டம்பர் மாதம் பத்தாம் தேதி. எனக்கு எழுபத்தொன்பது வயதும் நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகின்றன. பழைய பிரெஞ்சு இறப்புப் பதிவுகளில், இறப்பை அறிவிக்க வந்தவரின் வயதையும் குறிப்பார்கள். செத்தவரைப் பற்றிச் சொல்பவர் யார் என்பதும் ஏட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. பிறப்பு இறப்புப் பதிவகத்தில், எங்கள் ஊர்ப் பேச்சில் எத்தா சிவிலில், முப்பது ஆண்டு மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்தவள் நான். அந்த விதியை எனக்கும் போட்டுக்கொள்கிறேன்.

சென்ற வாரம் ஒரு நாள் காலை, பெரிய மார்க்கெட்டில் மீன் பார்த்துக்கொண்டிருந்தபோது செல்வியின் போன் வந்தது. செல்வி, திரு. கலியபெருமாள் அவர்களின் ஒரே மகள்.

“மதாம், அப்பா போயிட்டாருங்க.”

“எப்போது?”

“காலைல ஆறு மணி இருக்கும். காபி கேட்டாரு. எடுத்துக்கினு வர்றதுக்குள்ள...”

மீன்காரம்மாள் கத்தியை ஓங்கியபடி காத்திருந்தாள். “இன்னாம்மா, சங்கராவ வெட்டட்டுமா வேணாமா? சும்மா போனக் கையில புடிச்சிக்கினே நிக்கிறியே?”

வெட்டச் சொன்னேன். அன்று அந்த மீனைச் சமைக்கவில்லை.

‘கேள்விப் பலகை’ என்ற இணையதளத்தைப் பயன்படுத்திய பலர் கலியபெருமாளைப் பார்த்ததில்லை. அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அரசு அலுவலகங்களிடம் எவர் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அந்தக் கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் எல்லோரும் பார்க்கும்படி ஒரே பக்கத்தில் போட்டுவைப்பதுதான் பலகையின் வேலை. பதில் வராவிட்டால், வரவில்லை என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கும். பெரும்பாலும் அதுதான் இருந்தது.

அவர் வீராம்பட்டினத்துக்காரர். கடலுக்குப் போகும் குடும்பத்தில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்தவர். அரசின் ஆவண அறையில் எழுத்தராகச் சேர்ந்து, அந்த அறையின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றார். நெடிய உருவம், சிறிய குரல். அவருடைய கையெழுத்தில் கடைசி எழுத்து மீன்வால் போல இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பும். “பரம்பர புத்தி, போவுமா?” என்று அவரே அதைக் கேலி செய்வார்.

அவருக்குத் தனசேகர் என்று ஒரு தம்பி இருந்தார். ஒரு புயலன்று கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கூடப் போன மூவரும் திரும்பவில்லை. எச்சரிக்கை ஜீப் முந்தைய நாள் மாலையே ஊருக்குள் வந்து ஒலிபெருக்கியில் அறிவித்தது என்றும், அதை மீறிப் போனவர்கள் இவர்கள் என்றும் ஜீப்பை அனுப்பிய அலுவலகம் எழுதிவிட்டது. கலியபெருமாளின் தாயார் சாகும்வரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாராம். “ஜீப்பு வரலடா. வாசல்லதான் கருவாடு காய வச்சிக்கினு குந்தியிருந்தேன். வந்திருந்தா எனக்குத் தெரியாதா?”

கலியபெருமாள் அப்போது அரசு ஊழியர். சம்பளம் தருபவரிடம் கேள்வி கேட்கும் வழக்கம் அந்தத் தலைமுறையில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் கேட்டார். மற்றவர்களும் கேட்கட்டும் என்று பலகையையும் தொடங்கினார். வரிசை ஒழுங்குக்காகத் தன் கேள்விக்கும் ஓர் எண் கொடுத்தார். அந்த எண் ஒன்று.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக் கதவைத் தட்டினார். பலகைக்கு அவர் எடுத்துக்கொண்டது, வெளிநாட்டில் யாரோ பொதுநலத்துக்காக எழுதி இலவசமாக விட்டிருந்த மென்பொருள். அதன் சொற்களெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் அவற்றை வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“மதாம், இதெல்லாம் தமிழ்ல வேணும். மார்க்கெட்டுல பூ விக்கிற அம்மா படிச்சாலும் புரியணும்.”

முதற்சொல்லிலேயே சண்டை வந்தது. நான் ‘விண்ணப்பம்’ என்றேன்.

“விண்ணப்பம்னா கைய கட்டிக்கினு நிக்கிற மாதிரி இருக்குது. கேள்வின்னே போடுங்க.”

“சட்டத்தில் விண்ணப்பம் என்றுதான் இருக்கிறது.”

“சட்டத்துல இருந்துட்டுப் போவட்டும். நம்ம பலகையில கேள்வி.”

இப்படி ஒரு மாதம் ஓடியது. ஒவ்வொரு சொல்லையும் நான் திருத்த, என் திருத்தத்தை அவர் திருத்த, கடைசியில் எது நின்றதோ அதற்கு அவர் தன் கையால் பொருள் எழுதுவார். ‘தாமதம்: சட்டம் கொடுத்த முப்பது நாள் முடிந்தது. மேல்முறையீடு: அதே அலுவலகத்தின் மாடியில் இருப்பவரிடம் சொல்வது. கறுப்பு: தனிமனிதர் பெயரைக் காப்பதற்காகப் பூசுவது, வேறெதற்கும் பூசக் கூடாது.’

அந்தக் கடைசிப் பொருளை எந்த அலுவலகமும் படிக்கவில்லை. ஒருமுறை ஒரு கடிதத்தின் நகல் வந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மை பூசி, ‘இப்படிக்கு’ என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

“மரியாத தெரிஞ்ச ஆளு மதாம். கும்புடு போட்டுட்டுத்தான் போயிருக்காரு” என்றார் கலியபெருமாள்.

இரண்டு சொற்களைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, வகைப்படுத்துதல். பதில் வந்தவுடன் அந்தப் பக்கம் கேட்டவரைப் பார்த்து, “நீங்கள் கேட்டது கிடைத்ததா?” என்று கேட்கும். கிடைத்தது, பாதி கிடைத்தது, மறுத்துவிட்டார்கள், தகவலே இல்லை என்கிறார்கள் என்று நான்கு பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அழுத்தினால்தான் கேள்வி முடிந்ததாகக் கணக்கு. கேட்டவர் மறந்துபோனால் வேறொருவர் அழுத்தலாம் என்று மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. அதைக் கலியபெருமாள் எடுத்துவிட்டார்.

“கேட்டவனுக்குத்தான் தெரியும், கெடச்சுதா இல்லயான்னு. அடுத்தவன் எப்படிச் சொல்லுவான்?”

“கேட்டவர் செத்துப்போனால்?”

“அந்தக் கேள்வி நின்னுக்கினே இருக்கட்டும் மதாம். நிக்கிறதுக்கு எடமா இல்ல?”

இரண்டாவது சொல், பட்டி. கேள்வி எண் இல்லாமலோ தவறான எண்ணோடோ வரும் பதிலை எந்தப் பக்கத்தில் சேர்ப்பதென்று கணினிக்குத் தெரியாது. அதை ஒரு தனி இடத்தில் நிறுத்திவைக்கும். ஒரு மனிதர் அதைப் படித்து, உரிய பக்கத்துக்கு விடுவிக்க வேண்டும். கால்நடையை அடைக்கும் இடத்தின் பெயரை ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருந்தார்கள். நான் ‘நிறுத்தக அறை’ என்று ஒரு சொல்லை உருட்டிக்கொண்டிருந்தேன்.

“பட்டின்னு போடுங்க. ஊர்மேயற மாட்டப் புடிச்சி அடைச்சி வைப்பாங்களே, யாருதுன்னு தெரியிற வரிக்கும்.”

“உங்கள் ஊர் மீன்பிடிக்கிற ஊர். அங்கே மாடு எங்கிருந்து வந்தது?”

“மாடு எல்லா ஊர்லயும் மேயும் மதாம். கடலாண்ட வந்து கருவாடு கூடத் தின்னும்.”

அதற்கு அவர் எழுதிய பொருளை அப்படியே தருகிறேன். ‘பட்டி: சொந்தக்காரர் தெரியாத பதில் தங்கும் இடம். ஒரு நாளைக்கு மேல் எதுவும் இங்கே தங்கக் கூடாது.’

பட்டியின் கடவுச்சொல்லைத் தான் வைத்துக்கொள்ளாமல் என்னிடம் மட்டும் கொடுத்தார். “நான் ரெக்கார்டு ரூம் ஆளு. பேப்பரப் பாத்தா குந்திப் படிக்க ஆரம்பிச்சிடுவேன். வேல ஓடாது. நீங்கன்னா கறாரா இருப்பீங்க.” அந்தப் புகழ்ச்சியை அப்போது நான் ஏற்றுக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்குப் போன் செய்வார். வணக்கம், நலமா என்பதெல்லாம் கிடையாது.

“பட்டியில ஏதாவது இருக்கா, மதாம்?”

இருந்தால் சொல்வேன். இல்லாவிட்டால் ‘காலி’ என்பேன். “சரிங்க” என்று வைத்துவிடுவார். மழையிலும் அது நின்றதில்லை. அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்த அன்றுகூட, கட்டோடு செல்வியை எண் போடச் சொல்லிக் கேட்டார்.

வேலைக்காலத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஒரே ஒரு முறை, காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மாணவியர் சிலர், பழைய ஆவணங்கள் ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டபோது சிரித்துக்கொண்டே விளக்கினார். “ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் காலம் கடந்தத கோணிப்பையில தச்சி அனுப்பும். வெளிய நம்பர் மட்டும் இருக்கும். லிஸ்டுல கையெழுத்துப் போட்டா அழிக்க எடுத்துக்கினு போயிடுவாங்க. ஒரு கட்டுக்கு ஒரு கையெழுத்து. ஒவ்வொண்ணாப் பிரிச்சிப் பாத்துக்கினு இருந்தா மழைக்காலம் வந்து எல்லாம் நனைஞ்சி பூடும்மா.” அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவரைப் பயமுறுத்தவும் ஆட்கள் வந்தார்கள். பெயர் வேண்டாம், ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து, “ரிட்டயர்டு ஆனா வூட்ல சும்மா கெடக்க மாட்டியா?” என்று கத்தினார். நான் அங்கேதான் இருந்தேன். கலியபெருமாள் அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“குந்துங்க சார். உங்க ஆபீஸ்லேர்ந்து நாலு பதில் வரணும். கையோட கொண்டாந்துட்டீங்களா?”

அவர் போய்விட்டார். அந்த நான்கு பதில்களும் இன்றுவரை வரவில்லை. எங்களால் யாரையும் பதில் சொல்ல வைக்க முடிந்ததில்லை என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். ‘தாமதம்’ என்று சிவப்பில் எழுத முடிந்தது. அவ்வளவுதான் எங்கள் அதிகாரம்.

அவருடைய கேள்விக்கும் அதே கதிதான். எண் ஒன்று. ‘இன்ன புயலுக்கு முந்தைய நாள், எச்சரிக்கை ஜீப் எந்தெந்த ஊருக்குப் போனது? அதன் ஓட்டப் பதிவேட்டின் அந்த நாள் பக்கத்தின் நகல் வேண்டும்.’ ஜீப் எங்கே போனாலும் ஓட்டுநர் ஊர்ப்பெயரையும் நேரத்தையும் அந்த ஏட்டில் எழுத வேண்டும். வீராம்பட்டினம் அதில் இல்லையென்றால் ஜீப் வரவில்லை, தம்பி எதையும் மீறவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு பக்கம்தான். அந்த அலுவலகத்தின் ஏதோ ஓர் அலமாரியில் அது தூங்குகிறது என்று உறுதியாக நம்பினார். அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அது மறுபடி முதலாவதைக் கைகாட்டியது. மேல்முறையீட்டுக்கு மூன்று முறை போய் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் ஒருமுறை கூடப் போனேன். எங்கள் பெயரைக் கூப்பிடாமலேயே அன்றைய அமர்வு முடிந்தது.

“அம்மா சொன்னது நெசமான்னு தெரிஞ்சா போதும் மதாம். யாரையும் ஒண்ணும் பண்ணப்போறதில்ல” என்றார், திரும்பி வரும் ஆட்டோவில்.

கடைசி ஆறு மாதம் நடமாட்டம் குறைந்துவிட்டது. ஆனால் பத்து மணிப் போன் மட்டும் குறையவில்லை. இறப்பதற்கு முந்தைய நாளும் கேட்டார். குரல் மிகத் தேய்ந்திருந்தது.

“பட்டியில ஏதாவது இருக்கா, மதாம்?”

“காலி.”

“சரிங்க.”

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பட்டி காலியாக இல்லை. மூன்று ஆண்டுகளாகக் காலியாக இல்லை.

எண் ஒன்றுக்கான பதில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வந்தது. அனுப்பியவர் வேறு எண்ணைத் தவறாகப் போட்டிருந்ததால் நேரே பட்டியில் விழுந்தது. இரண்டே வரிகள். கோரப்பட்ட ஓட்டப் பதிவேடு காலம் கடந்த ஆவணங்களோடு ஆவண அறைக்கு அனுப்பப்பட்டு விதிப்படி அழிக்கப்பட்டது. பட்டியலின் நகல் இணைப்பில் உள்ளது. இணைப்பைத் திறந்தேன். கோணிக்கட்டுகளின் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அடியில் ‘சரிபார்த்தேன்’ என்ற முத்திரை. அதன்மேல் ஒரு கையெழுத்து. அதன் கடைசி எழுத்து மீன்வால் போல இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பியிருந்தது.

அந்த ஏடு அவர் கையைக் கடந்து போயிருக்கிறது. பிரித்துப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும்.

நாளைக்கு விடுவிக்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் பத்து மணிக்கு அவர் கேட்டபோது ‘காலி’ என்று வாய் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் பொய்யைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. இதைக் கருணை என்று எழுதிக்கொள்ள எனக்கு ஆசைதான். முழு உண்மை அதுவல்ல. அந்தப் பதிலைப் பார்த்தால் அவர் பலகையை மூடிவிடுவார் என்று பயந்தேன். மூடிவிட்டால் காலை பத்து மணிக்கு எனக்குப் போன் செய்ய யாரும் இல்லை.

நேற்று செல்வியிடம் போனில் இதைச் சொன்னேன். “தெனம் கேட்டாரே மதாம்” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஜீப் வந்ததா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்று காலை பத்து மணிக்குப் பட்டியைத் திறந்து, அந்தப் பதிலை உரிய பக்கத்துக்கு விடுவித்தேன். எண் ஒன்றின் கீழே அது போய் உட்கார்ந்தது. உடனே பக்கம், தன் வழக்கப்படி, அவரைப் பெயர் சொல்லிக் கேட்டது.

‘கலியபெருமாள், நீங்கள் கேட்டது கிடைத்ததா?’

நான்கு பொத்தான்களும் அங்கே இருக்கின்றன. அவற்றை அழுத்தும் உரிமை எனக்கு இல்லை. உங்கள் விதிப்படி, ஐயா, கேள்வி நின்றுகொண்டிருக்கிறது. போய் வாருங்கள். பட்டி இப்போது காலி.